ஸ்டாக் எஞ்சின் என்றால் எவ்வளவு ஸ்டாக்? சிறு படகுப் பந்தயத்துக்கு விதி எழுதும் முறை

ஓசூரில் நான் பார்க்கும் வேலை அளப்பது. டூல் ரூமிலிருந்து வரும் பாகத்தை சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, வரைபடத்தில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, பச்சையோ சிவப்போ ஸ்டிக்கர் ஒட்டுவேன். இந்த வேலைக்கும் படகுப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மூன்று வருடம் கழித்து இப்போது இருக்கிறது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில், கம்பெனி செய்தபடியே மாற்றாமல் ஓட்டும் ஸ்டாக் பிரிவுப் பந்தயம் என்பது பாதி ஓட்டுவது, பாதி அளப்பது.

நாங்கள் நாலு பேர். ஆளுக்கு 25,000 போட்டு, ஒரு லட்சத்துக்கு இரண்டு பழைய 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்கள் வாங்கினோம். நண்பர் ஒருவரின் மச்சான் கடலூரில் மீன்பிடிக்கிறார். எங்கள் தென்பெண்ணை போய்க் கடலில் சேர்வதும் அந்தப் பக்கம்தான், அதனால் ஏதோ உறவு இருப்பதாக நினைத்துக்கொண்டோம். ஒரே மாடல், ஒரே படகு, ஒரே புரொப்பல்லர். ஆனால் ஒரு எஞ்சின் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம். விற்றவர் இரண்டையும் 'கம்பெனி கண்டிஷன், பிரிக்காத எஞ்சின்' என்று சத்தியம் செய்திருந்தார்.

பிரித்தோம். வேகமான எஞ்சினில், சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் ஓட்டையான எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. கிரைண்டர் ஓடிய கோடுகள் அப்படியே இருந்தன. நம் ஊர்ப் பையன்கள் ஆர்எக்ஸ் 100-க்குச் செய்யும் அதே வைத்தியம். அதைச் செய்தால் மேல் ஆர்.பி.எம்-மில் பறக்கும், கீழே இழுவை போய்விடும். வலையும் ஐஸும் ஏற்றிய மீன்பிடிப் படகுக்கு அது ஆகாது. அதனால்தான் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள், எங்கள் காலிப் படகில் அது குதிரையாகிவிட்டது.

சரி, சிலிண்டர் இருக்கும் அந்த பிளாக்கை ஒதுக்கி, கைபடாத வேறு பிளாக் ஒன்றைத் தேடிப் போட்டோம். அப்போதும் இரண்டும் ஒன்றாக ஓடவில்லை. வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை. இரண்டையும் முழுதாக அளந்தேன். இரண்டுமே சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்குள்தான் இருந்தன. ஒன்று அந்த எல்லையின் ஒரு ஓரத்தில், மற்றது மறு ஓரத்தில்.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது இது: ஸ்டாக் என்பது ஒரு எஞ்சின் அல்ல, ஒரு டாலரன்ஸ், அதாவது ஒரு அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற இடைவெளி. அந்த டாலரன்ஸை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பந்தயத்தின் செலவு இருக்கிறது, எஞ்சின் விலையில் அல்ல. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு ஸ்டாக் பிரிவு தொடங்க நினைத்தால், படகு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: தலைகீழாக எழுதுங்கள்

எல்லோரும் செய்யும் தப்பு, தடை செய்தவற்றைப் பட்டியல் போடுவது. போர்ட்டைத் தொடாதே, ஹெட்டைச் சீவாதே, ஃபிளைவீலைக் கடையாதே என்று. மறுநாளே ஒருவர் வந்து, 'ரீட் வால்வு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே' என்பார். அதைச் சேர்த்தால் அடுத்தவர் சைலன்சர் பக்கம் போவார். நீங்கள் வருடாவருடம் அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வரி இப்படி இருக்கட்டும்: 'இந்த விதியில் அனுமதி என்று எழுதியிருப்பதைத் தவிர வேறு எந்த மாற்றமும் கூடாது.' இந்த ஒரு வரி பாதி சண்டையைத் தடுக்கும். ஸ்டாக் பிரிவு நடக்கும் பல மோட்டார் பந்தயங்களில், கார், பைக், கார்ட் எதுவானாலும், விதிப்புத்தகத்தின் முதுகெலும்பு இதுதான்.

மாற்ற ஆசைப்படுபவர்களை விரட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் 1903-இல் தொடங்கிய பவர் போட் சங்கம் இதைப் பிரிவுகளாகவே வைத்திருக்கிறது. ஸ்டாக் ஒரு பிரிவு, மாடிஃபைடு ஒரு பிரிவு, முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சின்களுக்கு ப்ரோ என்று இன்னொரு பிரிவு. கிரைண்டர் கை அரிக்கிறவர் மாடிஃபைடு பிரிவுக்குப் போகலாம். ஸ்டாக்குக்குள் வந்து அரித்தால்தான் பிரச்சினை.

இரண்டாம் படி: எஞ்சினைத் தேர்ந்தெடுக்குமுன் உதிரிப் பாகத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேகமான மாடல் எது என்று தேடாதீர்கள். பத்து வருடம் கழித்தும் பிஸ்டனும் ரிங்கும் கியரும் கிடைக்கும் மாடல் எது என்று தேடுங்கள். இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவு என்ற பேய் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஸ்டாக் அவுட்போர்டு பந்தயம் வளர்ந்ததற்குக் காரணம், கடையில் வாங்கிய எஞ்சினைப் படகின் பின்னால் மாட்டிக்கொண்டு அப்படியே பந்தயத்துக்குப் போக முடிந்ததுதான். மெர்குரி, ஜான்சன், எவின்ரூட் என்று கடை நிறைய எஞ்சின் இருந்தது. அப்புறம் காலம் மாறியது. 1996-இல் அங்கே அவுட்போர்டு எஞ்சின்களுக்குப் புகை விதி வந்தது, சாதாரண கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் மெல்ல மெல்லச் சந்தையிலிருந்து போயின. ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் செய்த ஓ.எம்.சி. கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. வேறு கைக்கு மாறி ஓடிக்கொண்டிருந்த எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பும் 2020-இல் நின்றது. விதிப்புத்தகத்தில் ஒரு மாடலின் பெயரை எழுதி வைத்துவிட்டு, அந்த மாடலைச் செய்யும் கம்பெனியே இல்லாமல் போனால் என்ன ஆகும்? பழைய பாகம் பதுக்கி வைத்திருப்பவர் ராஜாவாகிவிடுவார். விதி ஒரு எழுத்துகூட மாறாமலே பந்தயம் விலை ஏறிவிடும்.

நம் பக்கம் நிலைமை கொஞ்சம் மேல். தமிழ்நாட்டு, கேரளக் கடலோரங்களில் யமஹா, சுசுகி சிறு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மீனவர் எதை ஓட்டுகிறாரோ, அதற்குத்தான் உதிரிப் பாகமும், கை தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார்கள். ஆகவே கேட்க வேண்டிய இடம் கடலோர மெக்கானிக் பட்டறை. 'உங்களிடம் எந்த மாடல் அதிகம் வருகிறது, எந்த கேஸ்கெட் செட் எப்போதும் கையில் இருக்கும்' என்று கேட்டால் போதும். மண்ணெண்ணெய்க்கு மாற்றிய எஞ்சின் மட்டும் வேண்டாம். அதன் கம்ப்ரஷனே வேறு, அளவுகள் குழம்பிவிடும்.

மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்றும் உண்டு. பல கம்பெனிகளின் பழைய டூ ஸ்ட்ரோக் வரிசையில் 9.9 எச்.பி-யும் 15 எச்.பி-யும் ஒரே பிளாக். கார்புரேட்டர் வாயும் இன்னும் ஓரிரு பாகங்களும்தான் வேறு. 9.9 என்று ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே 15 கார்புரேட்டர் மாட்டுவது ஒரு மத்தியானத்து வேலை. நாங்கள் 9.9 வாங்கியபோது இது தெரியாது. இப்போது தொடங்கினால் 15-ஐயே பிரிவாக வைப்பேன். திருடுவதற்கு மேலே ஒன்றும் இல்லாத இடத்தில் பூட்டு குறைவாகப் போதும்.

மூன்றாம் படி: அளக்கக்கூடியதை மட்டும் விதியாக்குங்கள்

அளக்க முடியாத விதி, விதியே அல்ல. 'எஞ்சின் தன் இயல்பில் இருக்க வேண்டும்' என்று எழுதினால் அழகாக இருக்கும், பந்தயம் முடிந்து கரையில் நின்று சண்டை போடத்தான் உதவும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சக்தியைக் கூட்டும் இடங்கள் அதிகமில்லை. கம்ப்ரஷன், போர்ட்டின் உயரமும் அகலமும், கார்புரேட்டர் வாய், ரீட் வால்வு, எக்ஸாஸ்ட் குழாய், இக்னிஷன் டைமிங். இவற்றில் முதல் மூன்றைத்தான் அளந்து பிடிக்க வேண்டும், மற்றவை கம்பெனி பாகமாகவே இருந்தால் போதும்.

கம்ப்ரஷனை கேஜில் பார்க்காதீர்கள். அது ரிங்கின் நிலை, பேட்டரி, கயிறு இழுப்பவரின் தோள் என்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும். ஹெட்டின் கொள்ளளவை அளப்பதுதான் வழி. பிஸ்டனை டயல் கேஜ் வைத்து மேல் எல்லைக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு முன் பிஸ்டன் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் தடவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றும் திரவம் ரிங் வழியாக இறங்கிவிடும். ஹெட்டை கேஸ்கெட்டோடு சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கி, பிளக் ஓட்டை நேர்மேலே வரும்படி எஞ்சினைச் சாய்த்து, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயும் டூ-டி ஆயிலும் கலந்த திரவத்தை விடுங்கள். பிளக் ஓட்டையின் கீழ் மரையா, மேல் விளிம்பா, எது வரை என்பதை விதியில் எழுதியே ஆக வேண்டும். இந்த ஒரு வார்த்தை விட்டுப்போனால் ஒன்றிரண்டு சி.சி. காற்றில் போய்விடும்.

அந்த ஒரு சி.சி. எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். சிலிண்டரின் விட்டம் (போர்) 56 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 50 மி.மீ. என்று வைத்தால் ஒரு சிலிண்டர் 123 சி.சி. ஹெட் கொள்ளளவு 18 சி.சி. என்று கொள்வோம். 123-உம் 18-உம் கூட்டி 18-ஆல் வகுத்தால் கம்ப்ரஷன் விகிதம் 7.8. இப்போது ஒருவர் ஹெட்டை வெறும் அரை மில்லிமீட்டர் சீவுகிறார். கொள்ளளவில் சுமார் 1.2 சி.சி. போய்விடும், விகிதம் 8.3-ஐத் தாண்டும். நம் ஊர் லேத் பட்டறையில் அரை மணி நேர வேலை. கண்ணால் பார்த்தால் கடவுளுக்கே தெரியாது. பியூரெட் சொல்லிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் சில கம்பெனிகள் எக்ஸாஸ்ட் போர்ட் மூடியதிலிருந்து விகிதம் கணக்கிடுவார்கள், அதனால் மேனுவலில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். விதியில் விகிதத்தை எழுதாமல், 'ஹெட் கொள்ளளவு இவ்வளவு சி.சி-க்குக் குறையக் கூடாது' என்று எழுதுங்கள். கணக்கு போடும் வேலையே இல்லை.

போர்ட்டுக்கு, எஞ்சின் சுழலும் கோணத்தைக் காட்டும் டிகிரி பிளேட் மாட்டி அளப்பவர்கள் உண்டு. அது சரியான முறை, ஆனால் கரையில் வெயிலில் நின்று செய்ய ஆகாது. உயரமே போதும். 50 மி.மீ. ஸ்ட்ரோக், 100 மி.மீ. கனெக்டிங் ராடு உள்ள எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், அது திறந்திருக்கும் காலம் கிட்டத்தட்ட 5 டிகிரி கூடும். அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு, சிலிண்டரின் மேல் முகத்திலிருந்து போர்ட்டின் மேல் விளிம்பு வரை குறைந்தபட்ச ஆழத்தைச் சொல்லிவிட வேண்டியது. இதற்கு நான் செய்தது ஒரு கோ, நோ-கோ கேஜ். டூல் ஸ்டீலில் ஒரு கொக்கி. சிலிண்டர் முகத்தில் தோளை வைத்து உள்ளே விட்டால், போர்ட் நியாயமாக இருந்தால் கொக்கி உள்ளே மாட்டாது. மாட்டினால் எஞ்சின் மாட்டிக்கொண்டது. மைக்ரோமீட்டர் படிக்கத் தெரியாதவரும் பார்த்து ஒத்துக்கொள்ளலாம், அதுதான் இதன் அழகு. கார்புரேட்டர் வாய்க்கும் இதேபோல ஒரு பிளக் கேஜ். நோ-கோ பக்கம் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். ஓசூரில் இப்படிக் கேஜ் செய்து கொடுக்க ஆளுக்கா பஞ்சம்? சிப்காட் டீக்கடையில் பத்துப் பேர் நின்றால் அதில் மூன்று பேர் கிரைண்டிங் தெரிந்தவர்கள்.

நான்காம் படி: டாலரன்ஸ்

இங்கேதான் நான் வழக்கமான எண்ணத்திலிருந்து விலகுகிறேன். விதியை இறுக்க இறுக்கப் போட்டி சமமாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: வரைபடத்தில் ஒரு தசம இடம் கூடினால் பாகத்தின் விலை பல மடங்கு ஏறும். பந்தயத்திலும் அப்படியே.

போர்ட் ஆழம் 30 மி.மீ., கூடக் குறைய 0.3 என்று கம்பெனி அளவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் கறாராக 30-க்கு ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று எழுதினால், முதலில் தோற்பது ஏமாற்றுக்காரர் அல்ல. ஃபேக்டரியிலிருந்து 29.8-இல் வந்த எஞ்சினை ஒன்றும் தெரியாமல் வாங்கிய யோக்கியமான பையன்தான். காசு உள்ளவர் என்ன செய்வார்? ஐந்து பிளாக் வாங்கி, ஐந்தையும் அளந்து, சரியாக 30-இல் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவார். எல்லாப் பாகத்தையும் இப்படி எல்லையின் நல்ல ஓரத்துக்குக் கொண்டு வந்து கோர்ப்பதை ஆங்கிலத்தில் புளூபிரிண்டிங் என்பார்கள். ஒரு விதிகூட உடையாது. வெல்வார்.

இதற்கு நாலு மருந்து உண்டு.

ஒன்று, எல்லோரும் எல்லை வரை ராவிக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிடுவது. ஐந்து பிளாக் வாங்கும் வேலை மிச்சம், ஆனால் இனி ஒவ்வொருவரும் ஒரு கை தேர்ந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கை தவறினால் பிளாக்கே போச்சு.

இரண்டு, உலோகத்தை எங்கேயும் எடுக்கக் கூடாது என்பது. வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்க வேண்டும், அதுவே சாட்சி. சொரசொரப்பைத் திரும்பப் போலி செய்ய மணல் அடிப்பார்கள் என்பதால் அதையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். கடல் உப்பில் உழைத்த பழைய எஞ்சினில் அரிப்பு வந்து சாட்சி அழிந்திருக்கும், அது இந்த வழியின் பலவீனம்.

மூன்று, பந்தயம் முடிந்ததும் வென்றவரின் எஞ்சினை முன்பே குறித்த விலைக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி. அமெரிக்க மண் டிராக் கார் பந்தயங்களில் இது உண்டு. எஞ்சினில் கொட்டிய காசு ஒரே நாளில் போய்விடும் என்ற பயத்தில் யாரும் கொட்ட மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நாலு நண்பர்கள் நடத்தும் பந்தயத்தில் ஒருவன் இன்னொருவனின் எஞ்சினைப் பிடுங்கிக்கொண்டு போனால் அடுத்த ஞாயிறு இரண்டு பேர்தான் வருவார்கள்.

நான்காவது ஜப்பான்காரர்கள் செய்வது. அங்கே 1952-இல் நாகசாகி மாவட்டத்து ஓமுராவில் தொடங்கிய மோட்டார் படகுப் பந்தயம் இன்று 24 இடங்களில் நடக்கிறது. எந்தப் படகு ஜெயிக்கும் என்று பணம் கட்டிச் சூதாடும் விளையாட்டு, ஏமாற்றினால் ஊர் கொந்தளிக்கும். ஆறு படகு, 600 மீட்டர் சுற்று, மூன்று சுற்று. எஞ்சின் எல்லாம் யமாட்டோ என்ற ஒரே கம்பெனி செய்த இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், சுமார் 400 சி.சி. எஞ்சின் ஓட்டுபவருக்குச் சொந்தமில்லை, மைதானத்துக்குச் சொந்தம். யாருக்கு எது என்பது குலுக்கல். எஞ்சினுக்கு எஞ்சின் வித்தியாசம் இருப்பதை அவர்கள் மறைப்பதும் இல்லை. ஒவ்வொரு எஞ்சினும் இதுவரை எத்தனை முறை முதல் இரண்டு இடத்துக்குள் வந்தது என்ற விகிதத்தையே வெளியிடுகிறார்கள். டாலரன்ஸை ஒழிக்க முடியாது என்று ஒத்துக்கொண்டு, அதை அதிர்ஷ்டத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த யமாட்டோ எஞ்சின்கள் கடல் தாண்டி அமெரிக்க ஸ்டாக் பந்தயத்தின் 'சி' பிரிவிலும் ஓடின என்பது உபரித் தகவல்.

எங்கள் முடிவு இரண்டும் நான்கும் கலந்தது. உலோகம் எடுக்கத் தடை, அளவு எல்லை கம்பெனி டாலரன்ஸைவிடக் கொஞ்சம் தாராளம், எஞ்சின் குழுவுக்குச் சொந்தம், காலையில் தீப்பெட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கல். ஐந்தாறு பேருக்கு மேல் போனால் குழுச் சொத்து என்பது கஷ்டம். அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சினை மாற்றி ஓட்டிப் புள்ளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எதை அனுமதிப்பது

பழுது பார்க்கலாம், மேம்படுத்தக் கூடாது. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. எங்கள் பட்டியல்: பிளக் எந்தக் கம்பெனியும், எந்த ஹீட் ரேஞ்சும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஜெட் எந்த எண்ணும், ஏனென்றால் கடலூர்க் காற்றும் ஓசூர்க் காற்றும் ஒன்றல்ல, தவிர ஜெட் குறைந்தால் பிஸ்டன்தான் உருகும், பயந்து நிதானமாகத்தான் போடுவார்கள். தேய்ந்த சிலிண்டருக்கு முதல் ஓவர்சைஸ் வரை போர் பண்ணலாம். இதை மறுத்தால் தேய்ந்த பிளாக் எல்லாம் இரும்புக் கடைக்குப் போகும், புது பிளாக் வாங்கச் சொன்னதாகிவிடும். கம்பெனி பிஸ்டனுக்கு அதே எடை, அதே உருவத்தில் உள்ள வெளி பிராண்டு பிஸ்டன் அனுமதி. உடைந்த கியர் கேஸ் அலுமினிய வெல்டிங் அனுமதி, வெளிவடிவம் மாறாத வரை. தண்ணீர் பம்பு இம்பெல்லர், சீல், பேரிங் எதுவும் கேட்கவே வேண்டாம்.

ஃபிளைவீல், ரீட் வால்வு, எக்ஸாஸ்ட் குழாய், கியர் விகிதம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பெட்ரோல் விஷயத்தில் விவாதத்துக்கு இடமே வைக்காதீர்கள். ஒரே பங்கில், ஒரே கேனில் வாங்கி, ஒருவரே ஆயில் கலந்து எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். பந்தயம் முடிந்ததும் கார்புரேட்டரைக் காலி செய்யாமல் வைத்துவிட்டு, அடுத்த மாதம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரையோ சந்தேகப்பட்டால் நான் பொறுப்பல்ல.

ஆறாம் படி: புரொப்பல்லர், காசு கரையும் ஓட்டை

எஞ்சினைப் பூட்டி முத்திரை வைத்தாயிற்று, இனி செலவு இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தால் பணம் பின்வாசல் வழியாகப் போகும். கடலூர் மச்சான் காத்தாடி என்கிறாரே, அந்த புரொப்பல்லர்தான் அது. எஞ்சின் ஒரே மாதிரி இருக்கும்போது புரொப்பல்லரில்தான் பந்தயம் ஜெயிக்கப்படுகிறது.

கணக்கு எளிது. எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 2-க்கு 1 என்றால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,750 சுற்று. பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், 25 செ.மீ. என்றால், வழுக்கலே இல்லாவிட்டால் மணிக்கு 41 கி.மீ. பத்துப் பதினைந்து சதவீதம் வழுக்கினால் 35 முதல் 37. பிட்ச் ஒரு செ.மீ. கூடினால் வழுக்கலில்லாக் கணக்கில் ஒன்றரை கி.மீ-க்குக் கொஞ்சம் மேலே கூடும், ஆனால் எஞ்சின் அந்த ஆர்.பி.எம்-மை எட்டாமல் மூச்சு வாங்கலாம். ஆகவே ஒவ்வொருவரும் தன் எடைக்கும், அன்றைய அலைக்கும் ஏற்ப மூன்று நாலு புரொப்பல்லர் வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். அப்புறம் விளிம்பைத் தட்டி வளைப்பார்கள், ராவி மெலிதாக்குவார்கள். ஜப்பானில் ஓட்டுபவர்கள் சொந்த புரொப்பல்லர் கொண்டு வந்து, தட்டித் தட்டி அதையே ஒரு கலையாக்கி வைத்திருந்தார்கள். 2012-இல் அதையும் நிறுத்தி, புரொப்பல்லரை எஞ்சினோடு சேர்த்துவிட்டார்கள்.

நாங்களும் அப்படியே. ஒரே பார்ட் எண், கம்பெனி அலுமினிய புரொப்பல்லர், எஞ்சினோடு போகும். கல்லில் இடித்து வளைந்தால் நேராக்கலாம், அதற்கு மேல் அரம் படக் கூடாது.

இதோடு ஒட்டியது, எஞ்சினைப் படகில் எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பது. உயர்த்தினால் நீரின் இழுப்பு குறையும், வேகம் கூடும், ஒரு எல்லைக்கு மேல் புரொப்பல்லர் காற்றைக் கடிக்கும், கூலிங் தண்ணீரும் ஏறாது. உயரத்தைச் சுதந்திரமாக விட்டுவிடுங்கள். காசு செலவில்லாமல் மூளையை மட்டும் செலவழிக்கும் இடம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

ஏழாம் படி: எடை

படகும் ஆளும் சேர்ந்து குறைந்தபட்ச எடை வையுங்கள். தனித்தனியாக வேண்டாம். 15 எச்.பி-யில் பத்துக் கிலோ என்பது நன்றாகவே தெரியும். எங்களில் ஒருவர் 58 கிலோ, இன்னொருவர் 84. மெலிந்தவர் மணல் மூட்டை கட்டிக்கொள்வார். இந்த விதி இல்லாவிட்டால் அடுத்து கார்பன் ஃபைபர் படகு வரும். நல்ல மரைன் பிளைவுட்டும் எபாக்ஸியும் போதும் என்ற நிலையை இந்த ஒரு வரிதான் காப்பாற்றுகிறது.

எட்டாம் படி: யார், எப்போது, எதைப் பிரிப்பது

ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் செலவே ஆளைத் தின்றுவிடும், போல்ட் மரையும் போகும். சீசன் தொடக்கத்தில் ஒருமுறை முழுதாக அளந்து, ஹெட் போல்ட்டுக்கும் கார்புரேட்டர் போல்ட்டுக்கும் ஓட்டை போட்டு, கம்பி கோர்த்து ஈய முத்திரை வைத்துவிடுங்கள். ஆட்டோ மீட்டரில் பார்த்திருப்பீர்கள், அதே முத்திரை. பந்தயம் முடிந்ததும் முதல் இரண்டு எஞ்சினில் முத்திரையைப் பார்ப்பது, சீட்டு எடுத்து ஏதாவது ஒரு அளவை மட்டும் சோதிப்பது. எந்த அளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாவற்றையும் நேர்மையாக வைத்திருப்பார்கள்.

யாராவது சந்தேகப்பட்டால் பிரித்துப் பார்க்கக் கேட்கலாம், ஆனால் கேஸ்கெட் செட் விலையை முன்பணமாகக் கட்ட வேண்டும். தப்பு இருந்தால் பணம் திரும்ப வரும், எஞ்சின்காரர் கட்டுவார். சரியாக இருந்தால் அந்தப் பணத்தில் புது கேஸ்கெட். இதை வைத்த பிறகு சந்தேகங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஒன்பதாம் படி: தண்ணீர்

நம் மாவட்டங்களில் தண்ணீர் தெரியும்படி நிறைய இருக்கிறது: கே.ஆர்.பி. அணை, கெலவரப்பள்ளி, பாம்பாறு, அந்தப் பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு, நாகாவதி. எதிலும் அனுமதி இல்லாமல் படகை இறக்காதீர்கள். அணைகள் நீர்வளத் துறையின் கையில், சிலவற்றில் குடிநீர் எடுக்கிறார்கள், பலவற்றில் மீன் பிடிப்பவர்களின் வலை இருக்கிறது. எஞ்சின் வைத்த படகுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி பதிவும் வேண்டும். கெலவரப்பள்ளியில் நுரை மிதக்கும் நாளில் எந்தப் படகும் இறங்காமல் இருப்பதே உத்தமம். ஒகேனக்கல்லைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அந்தப் பாறையும் சுழலும் பரிசல்காரர்களின் கைக்குத்தான் கட்டுப்படும்.

அதனால்தான் நாங்கள் ஓசூரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் போய்க் கடலூரில் ஓட்டுகிறோம், அதுவும் மீனவர்கள் சரி என்று சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில். கணக்குப் பார்த்தால் எஞ்சினுக்கு அடுத்து எங்கள் பணத்தை அதிகம் தின்றது மினி லாரி வாடகை. ஒரு நடை குறைய வேண்டும் என்றால் எஞ்சினை ஊரிலேயே 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட விட்டுச் சரி செய்துகொண்டு போங்கள். டிரம்மில் முழு த்ராட்டில் வேண்டாம், தண்ணீர் எல்லாம் வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கோலத்தை அழித்த அனுபவம் உண்டு.

பாதுகாப்பில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் கயிறு மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ கட்டியிருக்க வேண்டும், கட்டாதவர் தொடக்கக் கோட்டுக்கே வரக் கூடாது. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட். அமெரிக்காவில் மண்டியிட்டு ஓட்டும் சிறு ஹைட்ரோபிளேன் பந்தயப் படகுகளில் புரொப்பல்லர் வெட்டாத துணியில் செய்த உடையும் போடச் சொல்கிறார்கள். எங்கள் வேகத்துக்கு அது தேவையா என்று ஒருவர் கேட்டார். 2,750 சுற்று சுழலும் அலுமினியத்துக்கு நம் வேகம் எதற்கு?

பத்தாம் படி: கேஜ் யாரிடம் இருப்பது

விதி எழுதிய தாள், கோ, நோ-கோ கேஜ்கள், பியூரெட், முத்திரைக் கட்டை, அளவுகள் எழுதிய நோட்டு எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். பெட்டி முதலில் என்னிடம்தான் இருந்தது, அளப்பது என் வேலை என்பதால். இரண்டாவது சீசனில் நான் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டீ குடிக்கும்போது பேச்சு கொஞ்சம் குறைந்தது. அடுத்த வாரமே பெட்டியைப் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, சிப்காட் டீக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய் வைத்தேன். பிஸ்கட் டின்களுக்கு மேலே இருக்கிறது. அவருக்கு எஞ்சின் கிடையாது, நீச்சலும் தெரியாது.